கூட்டு மருந்துச் சோதனை சேத்துப்பட்டுக்குப் புதிதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் பற்றி ஒரே மாதத்தில் உங்கள் நாளிதழில் இரண்டு செய்திகள் வந்தன. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் முற்றியவர்களும் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று முதல் செய்தி உற்சாகமாகச் சொன்னது. 'இறப்பு அபாயம் 32.5 சதவீதம் குறைவு' என்று தலைப்பும் போட்டிருந்தீர்கள். இரண்டாவது, ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை. ஆஸ்பத்திரிகளில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பற்றியது. 'நோயாளிகளா, சோதனை எலிகளா?' என்று அதற்குத் தலைப்பு.

இரண்டையும் கத்தரித்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் செய்தியில் நீங்கள் கொண்டாடிய மருந்து, இரண்டாவது கட்டுரையில் நீங்கள் திட்டிய வேலையிலிருந்து வந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் 'சரி, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கையெழுத்துப் போட்டதால்தான் அந்த 32.5 உங்கள் கைக்கு வந்தது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கூடவே ஒரு கோரிக்கையும் இருக்கிறது, அது கடைசியில்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வில்லிவாக்கத்தில் சொந்த வீடு. முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன், பிறகு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் ஒரு புரதம், இந்த நோய் வந்தால் ஏறும்) 180-க்கு மேல். போன் ஸ்கேனில் இடுப்பு, முதுகெலும்பு, விலா என்று பல இடங்களில் கறுப்புப் புள்ளிகள். ஸ்டேஜ் 4, அதாவது நோய் எலும்புக்கும் பரவிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, ஆறு தவணை கீமோ, அதற்கும் மேல் தினசரி மாத்திரை என்று எனக்கே இப்போது கூட்டு மருந்துதான் ஓடுகிறது. அதனால் இது எனக்குப் பொது அறிவு விஷயம் இல்லை.

ஏன் கூட்டு? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்தப் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. 1941-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர், விதைகளை நீக்கினால் நோய் சுருங்குகிறது என்று காட்டினார். 1966-இல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார். இன்று கத்தி தேவையில்லை, ஊசியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் சில வருடங்களில், சிலருக்குச் சில மாதங்களிலேயே, நோய் மறுபடி எழுந்துவிடும். விதைகள் ஹார்மோன் தராவிட்டால், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கொஞ்சம் தரும். கட்டியே தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்ளும். ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்று. அதனால்தான் அபிராடெரோன் என்ற மாத்திரை அந்த மற்ற இடங்களிலும் ஹார்மோன் உற்பத்தியை நிறுத்துகிறது. டாரோலுடமைட், என்சலுடமைட் போன்றவை, ஹார்மோன் வந்தாலும் அது செல்லுக்குள் வேலை செய்யவிடாமல் மறிக்கின்றன. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து, ஹார்மோன் பக்கமே போகாமல் செல் இரண்டாகப் பிரிவதையே தடுக்கிறது.

கேட்பதற்கு எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே, எதற்குச் சோதனை என்று என் மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. பதில் நடந்து முடிந்த சோதனைகளிலேயே இருக்கிறது.

ரேடியம்-223 என்று ஒரு ஊசி. கதிர்வீச்சு மருந்து, நேராக எலும்பில் போய் உட்காரும். தனியாகக் கொடுத்தபோது ஆயுளைக் கூட்டியது. அபிராடெரோனும் தனியாக ஆயுளைக் கூட்டியது. இரண்டும் நல்ல மருந்துகள். சேர்த்தால் இன்னும் நல்லதுதானே? 806 பேரை வைத்து ஈரா 223 என்ற சோதனை நடத்தினார்கள். சேர்த்து எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. அபிராடெரோனோடு மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் அது 11 சதவீதம்தான். 2017-இல் யாருக்கு எந்த மருந்து என்ற ரகசியத்தை முன்கூட்டியே உடைத்து, நோயாளிகளைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. சோதனையே செய்யாமல் 'இரண்டும் நல்லதுதானே' என்று உலகம் முழுக்க டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை கிழவர்களின் இடுப்பு உடைந்திருக்கும்? வயசாகிவிட்டது, எலும்பு உடைந்தது என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. அபிராடெரோன், என்சலுடமைட் இரண்டையும் ஹார்மோன் ஊசியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அபிராடெரோன் ஒன்றை மட்டும் சேர்த்ததைவிடப் பக்கவிளைவுதான் கூடியது, ஆயுள் அதற்கு மேல் கூடவில்லை. இது ஸ்டாம்பீட் என்ற பெரிய பிரிட்டிஷ் சோதனையின் ஒரு பகுதி.

அந்த ஸ்டாம்பீட் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை போடலாம். 2005-இல் தொடங்கியது. பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலுமாகக் கிட்டத்தட்ட 12,000 ஆண்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகச் சோதனை வைத்தால் எங்களைப் போன்றவர்களின் காலம் முடிந்துவிடும் என்று, ஒரே சோதனைக்குள் பல கிளைகள் வைத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெறுபவர்கள் ஒரு பிரிவு. அதோடு ஒப்பிட ஒரே சமயத்தில் பல கூட்டுகள். பாதியிலேயே பார்த்து, தேறாத கிளையை வெட்டிவிடுவார்கள், புதுக் கிளையைச் சேர்ப்பார்கள். மூட்டுவலிக்குத் தரும் செலகாக்சிப் அப்படி 2011-இல் வெட்டப்பட்டது. டோசிடாக்செல் தேறியது. அபிராடெரோன் 2017-இல் நன்றாகவே தேறியது: மூன்று ஆண்டு முடிவில், ஊசி மட்டும் போட்டவர்களில் 76 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மாத்திரையும் சேர்த்தவர்களில் 83 சதவீதம்.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த மெட்ஃபார்மின் மாத்திரையையும் அவர்கள் விடவில்லை. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. மொத்தத்தில் ஆயுள் கூடியதாக நிரூபணம் ஆகவில்லை. ஹார்மோன் ஊசியால் வரும் எடை, சர்க்கரை, கொழுப்புக் கோளாறுகள் மட்டும் குறைந்தன. 'மெட்ஃபார்மின் கேன்சரை விரட்டும்' என்று எனக்கு வாட்ஸ்அப்பில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தேறிய மருந்துக்கு நான்கு பத்தி, தேறாததுக்கு ஒரு வரிகூட இல்லை என்று பத்திரிகைகள் இருந்தால் வாட்ஸ்அப்தான் மீதியை எழுதும்.

இனி உங்கள் தலைப்பில் வந்த 32.5-க்கு வருகிறேன். அது அராசென்ஸ் என்ற சோதனையின் முடிவு, 2022-இல் வெளியானது. சுமார் 1,300 பேர். எல்லோருக்கும் ஹார்மோன் சிகிச்சையும் டோசிடாக்செலும் உண்டு. பாதிப் பேருக்கு அதன்மேல் டாரோலுடமைட், மறுபாதிக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரை. நான்கு ஆண்டு முடிவில், மூன்றும் எடுத்தவர்களில் 62.7 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இரண்டு மட்டும் எடுத்தவர்களில் 50.4 சதவீதம். அதாவது நூறு பேர் இருந்தால் அதில் பன்னிரண்டு பேர் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது பெரிய விஷயம். ஆனால் உங்கள் தலைப்பைப் படித்துவிட்டு என் பக்கத்து வீட்டுக்காரர், 'சார், உங்களுக்கு இனிமேல் மூணுல ஒரு பங்கு கவலை போச்சு' என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 63, 50 என்ற இரண்டு எண்களையும் தலைப்புக்குக் கீழே போட்டிருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. இடம் இல்லை என்று சொல்லாதீர்கள், பக்கத்திலேயே ஒரு நகைக்கடை விளம்பரம் கால் பக்கத்துக்கு இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் புது மாதிரி பெட்டியை ஓட்டிப் பார்க்கும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. ஸ்பிரிங்கையும் டேம்பரையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு ஓட்டினால், குலுங்கல் குறைந்தது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய பெட்டி ஒன்றும் அதே தண்டவாளத்தில் ஓட வேண்டும். மருந்திலும் அந்த 'பழைய பெட்டி'யாக, அதாவது வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருப்பவர்களைப் பற்றித்தான் மக்களுக்குப் பயம் அதிகம்.

ஊசி போடக் காத்திருக்கும் கூடத்தில் வியாசர்பாடிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஆட்டோ ஓட்டியவர். ஒருநாள் உங்கள் கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "இன்னா சார் இது, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு மாவுன்னு குடுப்பாங்களாமே? மாவு துன்னவன் செத்துப் போவான்ல?" என்றார். நான் சொன்னேன்: "இல்லப்பா. ரெண்டு பேருக்குமே இப்ப நாம போட்டுக்கிற ஊசியும் கீமோவும் உண்டு. அதுக்கு மேல சேர்க்கிற புது மருந்துலதான் குலுக்கல். அது நல்லதா கெட்டதான்னு டாக்டருக்கே தெரியாது, தெரிஞ்சா சோதனையே தேவையில்ல." ரேடியம் கதையையும் சொன்னேன். "அப்ப மாவு துன்னவனுக்குத்தான் எலும்பு தப்பிச்சுது" என்று சிரித்தார். எனக்குச் சொல்ல வராததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

உங்கள் கட்டுரையாளரின் கோபம் முழுக்கத் தவறு என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, வேறு ஒரு வியாதிக்கு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேட்டிருக்கிறேன். சாயங்காலம் ஒரு தடித்த படிவக் கட்டைக் கையில் கொடுத்து, காலையில் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாரும் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு நகலும் தரவில்லை. இது தப்பு மட்டுமல்ல, சட்டப்படியும் கூடாது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் நாடு முழுக்க நடப்பில் இருக்கின்றன. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தில் ஒரு பிரதி அவருக்குத் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச வைத்தியம், இழப்பீடு. சோதனையை நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்திருக்க வேண்டும். சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். இவ்வளவையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் வாசகனுக்குப் பயன்பட்டிருக்கும். 'எலி' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டீர்கள்.

மருந்துச் சோதனை என்பது வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் தலையில் கட்டுவது என்ற தொனியும் அந்தக் கட்டுரையில் இருந்தது. இங்கேதான் எனக்கு வருத்தம். கூட்டு மருந்தைச் சோதித்து உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஊர் இது. நம் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை.

சேத்துப்பட்டில், மேயர் சத்தியமூர்த்தி சாலையில், காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1956-இல் அது காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கூட்டு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் வந்து முன்னின்றார். அப்போது காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, முட்டை, பால். தாம்பரத்துக்கு முன்னால் மின்சார ரயில் இப்போதும் 'சானடோரியம்' என்று நிற்கிறதே, அந்தக் காலத்தின் பெயர்தான் அது. நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை படுக்கை எங்கே போவது?

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதி சானடோரியத்துக்கு. இன்னொரு பகுதி அவரவர் வீட்டில், நெருக்கமான குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு. இருவருக்கும் ஒரே கூட்டு மருந்து: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடம். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் ஒட்டவும் இல்லை. உலகம் சானடோரியங்களை மூட ஆரம்பித்தது.

என் தாய்மாமா ஒருவர் அந்தக் காலத்தில் சேத்துப்பட்டு மையத்தில் மருந்து வாங்கியவர். சோதனையில் சேர்ந்திருந்தாரா, வெறும் சிகிச்சையா என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பி.ஏ.எஸ். மருந்தை விழுங்குவதற்குள் அவர் படும் பாட்டைத்தான் அம்மா நடித்துக் காட்டுவாள். மருந்தை உண்மையாகவே சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து சிறுநீர் வாங்கிப் பரிசோதிப்பார்களாம். தெருவே வேடிக்கை பார்க்குமாம். மாமா எண்பது வயதுவரை இருந்தார். வெற்றிலையை மட்டும் கடைசிவரை விடவில்லை.

இரண்டு மருந்து எதற்கு, ஐசோனியசிட் ஒன்று போதாதா என்பதையும் அதே மையம்தான் அடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது, சேர்த்துக் கொடுத்தால் தப்பிக்க வழி குறைகிறது. என் உடம்பில் இப்போது நடக்கும் சண்டையின் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அந்தச் சேத்துப்பட்டுச் சோதனையின் பெரிய சிறப்பு என்னவென்றால், அது கேட்ட கேள்வி சென்னை ஏழைகளின் கேள்வி. படுக்கை இல்லாதவனுக்கு என்ன செய்வது? லண்டனில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள், அவர்களுக்குப் படுக்கை இருந்தது.

இன்று எங்கள் கேள்வியை யார் கேட்கிறார்கள்?

நான் சாப்பிடும் அபிராடெரோனையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு அளவு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம். 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, மாதத்துக்கு 120. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். காலை இருட்டில் எழுந்து நான்கையும் விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் காபிகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். ஐ.சி.எஃப். முதல் ஷிஃப்டுக்குப் போனபோதுகூட காபி குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஏன் வெறும் வயிறு என்றால், சாப்பாட்டோடு எடுத்தால் இந்த மருந்து ரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்கு கூடிவிடும். கொழுப்பு அதிகமான சாப்பாடு என்றால் பத்து மடங்கு வரைக்கும்.

சிகாகோ பல்கலைக்கழக டாக்டர்கள் இதை வைத்து ஒரு எளிய கேள்வி கேட்டார்கள். சாப்பாட்டோடு கொடுத்தால் நான்குக்குப் பதில் ஒரே மாத்திரை போதாதா? 72 பேரில் பாதிக்கு 1,000 மில்லிகிராம் வெறும் வயிற்றில், பாதிக்கு 250 மில்லிகிராம் கொழுப்பு குறைந்த காலை உணவோடு. 2018-இல் வெளியானது. பி.எஸ்.ஏ. குறைவதில் குறைந்த அளவு பின்தங்கவில்லை. மாதம் 120 மாத்திரைக்குப் பதில் 30. இட்லியோடு சாப்பிடலாம், நெய் மிதக்கும் பொங்கலோடு என்றால்தான் கணக்கு வேறாகிவிடும். (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் பயன் போய்விடும், நான்கையும் சாப்பாட்டோடு போட்டால் ஆபத்து. டாக்டர் சொன்னால் மட்டும்தான்.)

ஆனால் அது 72 பேர். அளந்தது பி.எஸ்.ஏ., ஆயுள் அல்ல. அதுவும் ஹார்மோன் ஊசிக்கு அடங்காமல் போன நோயாளிகளிடம். நோய் தெரிந்தவுடனேயே ஊசியோடும் கீமோவோடும் சேர்த்து இந்தக் குறைந்த அளவைக் கொடுத்தால் ஆயுள் முழு அளவுக்குச் சமமாக வருமா? மாத்திரையோடு சேர்க்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுமே, நம் ஊரில் பல பேருக்கு ஏற்கெனவே சர்க்கரை, அவர்களுக்கு எந்தக் கூட்டு ஒத்துக்கொள்ளும்? கீமோவுக்குப் பிறகு வெள்ளணு குறைந்து காய்ச்சல் வந்தால், ராத்திரி இரண்டு மணிக்குத் திருவொற்றியூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவருக்கு மூன்று மருந்துக் கூட்டு நல்லதா, இரண்டே போதுமா? கீமோவையும் அபிராடெரோனையும் சேர்த்துப் பார்த்த பீஸ்-1 சோதனை நல்ல சோதனைதான். ஆனால் அது நடந்தது ஏழு ஐரோப்பிய நாடுகளில். எங்கள் திருவொற்றியூர் அதில் இல்லை.

எந்தக் கம்பெனி 'எங்கள் மருந்தில் கால் பங்கு போதும்' என்று நிரூபிக்கப் பணம் போடும்? அதனால் இது அரசாங்கத்தின் வேலை. முடியாத காரியம் இல்லை என்பதற்கு மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி சாட்சி. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு, விலை குறைந்த மாத்திரைகளோடு நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமாக 240 மில்லிகிராம் போடும் மருந்தை வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. 151 நோயாளிகள். ஒரு வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. சம்பந்தப்பட்ட நோய் வேறு, ஆனால் கேட்ட கேள்வி நம்முடையது.

சென்னையில் இல்லாதது என்ன? சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்த அடையாறு புற்றுநோய் நிலையம். சென்னையின் புற்றுநோய்க் கணக்கை 1981 முதல் எழுதி வைக்கும் பதிவேடு. மருந்தை மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். 2019 விதிகளிலேயே கல்விசார் சோதனை என்று ஒரு தனி வழி இருக்கிறது. ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறு அளவில், வேறு விதமாகக் கொடுத்துப் பார்ப்பதற்கு, வியாபார நோக்கம் இல்லாவிட்டால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்தான் முக்கியம். நான்கு மாத்திரைக்கு ஒன்று போதும் என்று தேறினால் அரசு மருந்துச் செலவில் மிச்சமாகும் பணமே சோதனைச் செலவைக் கட்டிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, முக்கால் பங்கு மிச்சம் என்ற கணக்கு மட்டும் புரிகிறது.

அதனால் என் கோரிக்கை. உங்கள் நிருபரை மறுபடி அனுப்புங்கள். 'எலியா, மனிதனா' என்று கேட்க வேண்டாம். சுகாதாரத் துறையிடம் மூன்றே கேள்வி கேட்கட்டும். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு எத்தனை கூட்டு மருந்துச் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. பதிவில் இருக்கின்றன? அவற்றில் எத்தனை அரசுப் பணத்தில் நடக்கின்றன? அபிராடெரோனைக் குறைந்த அளவில் சோதிக்க யாராவது திட்டம் கொடுத்திருக்கிறார்களா, கொடுத்திருந்தால் அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது? அப்படி ஒரு சோதனை வந்து, எனக்கும் தகுதி இருந்தால், நான் கையெழுத்துப் போடத் தயார். வியாசர்பாடிக்காரரும் தயார். குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாலும் பரவாயில்லை, ஆனால் படிவத்தின் நகல் கையில் கொடுத்தாக வேண்டும் என்கிறார்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் பெட்டி ஓட்டிய கதையையும் என் முதுகுவலியையும் வெட்டிக்கொள்ளுங்கள், சேத்துப்பட்டை வெட்டாதீர்கள். என் பெயரையும் போட வேண்டாம். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, வீட்டில் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள், 'தாத்தாவுக்கு அங்கே கேன்சராமே' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். ஊழியர்,
வில்லிவாக்கம், சென்னை.